பட்டம் பெற்ற ஆசிரியர், துணையற்ற வகுப்பறை

பள்ளி திறக்கும் வாரம் வந்துவிட்டால் மலேசியத் தமிழரிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும்: இந்த ஆண்டு முதலாம் ஆண்டில் எத்தனை பேர்? கெடா மாநிலத்தின் பெண்டாங் போன்ற வட்டாரங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கே பதிலை நினைத்துக் கொஞ்சம் அச்சம் இருக்கும். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் நான்கு வட்டாரங்களில் ஒன்றான பெண்டாங், நெல் விளையும் சீமை. வயல் முடிந்து மேடு தொடங்கும் இடங்களில்தான் பால்மரத் தோட்டங்கள். கெடாத் தமிழரில் பெரும்பாலோர் தெற்கே சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் குடியேறிவிட்டார்கள். வடக்கிலும் நடுவிலும் எஞ்சியிருப்போர் சிதறிக் கிடக்கிறார்கள். 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளியைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. எனவே எண்ணிக்கையைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு கவலை மற்றெல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கும் நாம், வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் எந்த ஆயத்தத்தோடு வகுப்புக்குள் போகிறார் என்று கேட்பதே இல்லை.

சிறிய பள்ளியின் முதன்மையான பலவீனம் மாணவர் குறைவு என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அதன் பலவீனம் ஆசிரியரின் தனிமை. சுங்கைப்பட்டாணியில் ஒரு பெரிய தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக் கணிதத்தை இரண்டு மூன்று பேர் எடுப்பார்கள். பாடம் சரியாகப் போகவில்லை என்றால், பக்கத்து வகுப்பில் அது எப்படிப் போனது என்று கேட்க ஆள் உண்டு. தோட்டப்புறச் சிறு பள்ளியிலோ இரண்டாம் ஆண்டுக்கு ஒரே வகுப்பு, கணிதத்துக்கு ஒரே ஆசிரியர். அவரே வேறு பாடங்களையும் வேறு ஆண்டுகளையும் சுமப்பார். மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைத்து ஒருவரே கற்பிக்க வேண்டும். தம் பாடத்தைப் பற்றிப் பேச அவருக்கு அந்த வளாகத்தில் ஆள் இல்லை. மாணவர் அடைவுநிலையைத் தீர்மானிக்கும் காரணங்களில் பள்ளியின் கைக்குள் இருப்பவற்றுள் இதுவே பெரிது என்பதும், கட்டடம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவில் தீரக்கூடியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆசிரியர் ஆயத்தம் என்றால் நாம் உடனே பட்டத்தை நினைத்துக்கொள்வதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. யார் கற்பிப்பது என்பதைப் பற்றி முதலாளிமார் அதிகம் கவலைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, கிராணி, சில இடங்களில் தோட்டத் தொழிலாளி ஒருவர் என்று கிடைத்தவர் வாத்தியார் ஆனார். கெடா அப்போது அந்தக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்தாலும் தோட்டப் பள்ளியின் முகம் இங்கும் அதுதான். சுதந்திரம் பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. பள்ளிகள் குறைந்த அதே காலத்தில் ஆசிரியரின் தகுதி படிப்படியாக உயர்ந்தது. பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களை நம்பியிருந்த காலம் போய், 2007 முதல் பயிற்சிக் கல்லூரிகளே தொடக்கப்பள்ளிக்கான ஆசிரியர்களுக்குப் பட்டக் கல்வி அளிக்கத் தொடங்கின. சுங்கைப்பட்டாணியில் உள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் வளாகம் உட்பட, 27 ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் இப்போது நாட்டில் இயங்குகின்றன. கங்காணியிலிருந்து பட்டதாரிவரை வந்த இந்தத் தூரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் பட்டம் ஏறியபோது அடைவுநிலையும் கூடவே ஏறியதா? அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வான ‘டிம்ஸ்’ 1999இல் நம் இரண்டாம் படிவ மாணவர்களுக்குக் கணிதத்தில் 519 புள்ளி தந்தது. 2023இல் அது 411. பதினைந்து வயதினரைச் சோதிக்கும் ‘பீசா’ தேர்வில் 2018இல் 440 ஆக இருந்த கணிதப் புள்ளி, 2022இல் 409 ஆனது. அந்த ஆண்டு அடிப்படைக் கணிதத் தரத்தை எட்டியவர்கள் நூற்றுக்கு 41 பேர் மட்டுமே. கோவிட் பெருந்தொற்றுக்கால அடைப்பும் பாடமொழிக் கொள்கைகள் முன்னும் பின்னும் புரண்டதும் இந்தச் சரிவுக்குக் காரணங்களே. பழியை ஆசிரியர் தலையில் மட்டும் போடுவது நேர்மையாகாது. எனினும் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 2013–2025 கல்விப் பெருந்திட்டமே எடுத்துக்காட்டிய ஆய்வு அது. 2011இல் நாடெங்கும் 41 பள்ளிகளில் 125 பாடங்களை உட்கார்ந்து பார்த்தவர்கள், நூற்றுக்கு 12 பாடங்கள் உயர்ந்த தரம், 38 பாடங்கள் திருப்தி, மீதிப் பாதி திருப்தியற்றவை என்று எழுதினார்கள். ஆசிரியருக்குச் சான்றிதழ் இருக்கிறது, பாடம் பாதிக்குப் பாதி தேறவில்லை. சான்றிதழுக்கும் பாடத்துக்கும் இடையே எதுவோ விடுபட்டிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தோட்டத்துப் பிள்ளையின் வறுமையை, பெற்றோரின் படிப்பை, வீட்டுச் சூழலை விட்டுவிட்டு ஆசிரியரைப் பற்றி மட்டும் பேசுவது சரியா? இந்த மறுப்புக்கு வலுவான ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் அடைவுநிலையில் குடும்பப் பின்னணியின் பங்கே பெரிது என்று சொல்லிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த முடிவின் சாரத்தை யாரும் தள்ளிவிடவில்லை. ஆனால் அதே அறிக்கையில் பலர் கவனிக்காமல் போன ஒரு செய்தி உண்டு: ஆசிரியரின் தரம் வசதியான வீட்டுப் பிள்ளையைவிடப் பின்தங்கிய சமூகத்துப் பிள்ளையை அதிகம் பாதிக்கிறது. வசதியான பிள்ளைக்கு ஆசிரியர் தவறினால் டியூஷன் இருக்கிறது, படித்த தாய் இருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் தவறினால் வேறு ஆளில்லை. டென்னசி மாநிலத்தில் சாண்டர்ஸும் ரிவர்ஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து திறமையான ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைக்கும் திறன் குறைந்தவர்களிடம் படித்த பிள்ளைக்கும் நூறு பேர் வரிசையில் ஐம்பது இடம்வரை வேறுபாடு விழுவதாகக் கூறியது. பின்வந்தவர்கள் அந்த அளவைக் குறைத்து மதிப்பிட்டார்கள், போக்கை மறுக்கவில்லை. வறுமை பெரிய காரணம் என்பது, ஆசிரியரைப் பற்றிப் பேசாதிருக்கக் காரணமாகாது. ஏழைப் பிள்ளைக்கு அவரைவிட்டால் கதியில்லை என்பதால் அவரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அப்படியானால் நல்ல ஆசிரியரை எது ஆக்குகிறது? டெக்சஸ் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து ரிவ்கின், ஹனுஷெக், கெய்ன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட முடிவு இரண்டு செய்திகளைச் சொன்னது. ஆசிரியருக்கு ஆசிரியர் பெரும் வேறுபாடு இருக்கிறது, ஆனால் முதுகலைப் பட்டத்தால் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அனுபவத்தின் பயனோ பணியின் முதல் சில ஆண்டுகளில்தான் வெளிப்படையாகத் தெரிந்தது. இதைவிடத் தெளிவான சான்றை லிப்பிங் மா என்ற சீனப் பெண் ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூல் தந்தது. அவர் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் ஒரே கணக்குகளைக் கொடுத்தார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கில் 72 சீன ஆசிரியர்களும் சரியான விடை கண்டார்கள். 23 அமெரிக்கர்களில் ஒன்பது பேருக்குத்தான் அது முழுமையாக வந்தது. இத்தனைக்கும் அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீனர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். படிப்பு குறைந்தவர்களுக்கு அறிவு கூடியது எப்படி? அவர்கள் வேலையில் சேர்ந்த பிறகும் பாடநூலைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து, வரி வரியாகப் பிரித்துப் படித்துக்கொண்டே இருந்தார்கள். ஆயத்தம் அவர்களுக்குப் பட்டமளிப்பு விழாவோடு முடிந்துவிடவில்லை.

இப்படிப் பிரித்துப் படிப்பதில் என்ன கிடைக்கும் என்பதைத் தமிழ்ப்பள்ளிக் கணிதத்திலேயே காணலாம். 53இலிருந்து 26ஐக் கழிக்கும்போது ‘பக்கத்திலிருந்து கடன் வாங்கு’ என்கிறோம். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடனை யாரும் திருப்புவதில்லை. பிள்ளை விதியை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறது, 503இலிருந்து 26ஐக் கழிக்கச் சொன்னால் நடுவில் உள்ள சுழியத்தைக் கண்டு திகைத்து நிற்கிறது. அதையே, ஐந்து பத்து ரிங்கிட் நோட்டுகளில் ஒன்றைப் பத்து ஒரு ரிங்கிட்டாகச் சில்லறை மாற்றுகிறோம் என்று சொல்லித் தந்தால் இடமதிப்பு விளங்கிவிடும். சுழியம் வந்தால் நூறு ரிங்கிட் நோட்டை முதலில் மாற்ற வேண்டும் என்று பிள்ளையே சொல்லும். இன்னொன்று: தமிழில் எண்பதுக்கு அடுத்தது ‘தொண்ணூறு’, எண்ணூறுக்கு அடுத்தது ‘தொள்ளாயிரம்’. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. காதால் கேட்டு எண் எழுதும் ஏழு வயதுப் பிள்ளை இங்கே குழம்ப இடமுண்டு. மலாயில் ‘செம்பிலான் பூலோ’ என்றும் ஆங்கிலத்தில் ‘நைன்ட்டி’ என்றும் நேராக வரும் எண், தாய்மொழியில் இப்படித் திரும்புகிறது என்பதை முன்கூட்டியே அறிந்த ஆசிரியர், பிள்ளை தவறு செய்யும் முன்பே அதற்கு வழி செய்வார். அறியாதவர் தவறைச் சிவப்பு மையால் அடிப்பார். வாசிப்பும் அப்படியே. 247 எழுத்துகளோடு மலாய்க்கான ரூமி எழுத்தையும் முதலாம் ஆண்டிலேயே சேர்த்துப் பழகும் பிள்ளைக்கு, எழுதும்போது கொம்பு முன்னே வந்து ஒலி பின்னே வரும் ‘கெ’, ‘கே’ ஏன் சிக்கலாகிறது என்பதை அறிவது கணிதம் தெரிவதோ இலக்கணம் தெரிவதோ அன்று. அது கற்பிப்பவருக்கே உரிய தனி அறிவு. லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986இல் இதற்கு ஒரு பெயரும் சூட்டினார். நாம் பாடம் சொல்லும் பக்குவம் என்று சொல்லலாம்.

இந்தப் பக்குவம் விரிவுரை மண்டபத்தில் முழுமையாகக் கைகூடாது. எந்தத் தவறு எந்தப் பிள்ளையிடம் எப்போது வரும் என்பது வகுப்பில்தான் தெரியும், தெரிந்ததை அறிவாக மாற்றுவதற்குச் சக ஆசிரியரின் கண் வேண்டும். அதனால்தான் ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரே பாடத்தைக் கூட்டாகத் திட்டமிட்டு, ஒருவர் எடுக்க மற்றவர்கள் பார்த்து, பின்னர் திருத்தும் பாட ஆய்வு முறை நூறாண்டுப் பழக்கமாக இருக்கிறது. பெண்டாங்கின் சிறு பள்ளியில் இதற்கு வழியே இல்லை. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்ட பிறகு இந்தத் தனிமை இன்னும் ஆபத்தாகிவிட்டது. இப்போது வகுப்புசார் மதிப்பீட்டில் மாணவரை ஒன்று முதல் ஆறு வரையிலான தர அடைவில் ஆசிரியரே நிறுத்துகிறார். தேர்வுக்காகவே கற்பிக்கும் நோயிலிருந்து விடுபட்டது நல்லதே. ஆனால் ஒரு பிள்ளை மூன்றாம் நிலையா நான்காம் நிலையா என்று முடிவெடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க இணை வகுப்பும் இல்லை, கேட்டுத் தெளிய இன்னொருவரும் இல்லை என்றால், அந்த எண் எவ்வளவு நேர்மையான ஆசிரியர் போட்டாலும் ஊகமாகவே நிற்கும். பெற்றோர் கையில் வரும் அறிக்கை நன்றாக இருக்கும், பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் ஓட்டை தெரியும்.

ஆசிரியர்களை மண்டபத்தில் கூட்டிப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறோமே, அது போதாதா? இதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு சோதனை விடை சொல்கிறது. வடமேற்கு மாநிலத்தில், செட்ஸ்வானா மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்றுத்தரும் பள்ளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி தந்தார்கள். வேறு 50 பள்ளிகளுக்கு அதே பாடத்திட்டத்தையும் நூல்களையும் கொடுத்து, மாதந்தோறும் ஒரு வாசிப்புப் பயிற்றுநரை வகுப்பறைக்கே அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்றுநர் போன பள்ளிகளின் முன்னேற்றம் பட்டறைப் பள்ளிகளைப் போல இரு மடங்காக இருந்தது. தாய்மொழியில் படிக்கும் ஏழைப் பிள்ளை என்ற அளவில் இது நமக்கு அயல் நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. இந்த வழி கெடாவுக்கும் புதிதன்று. கல்வி அமைச்சின் மாவட்ட உருமாற்றத் திட்டம் 2013இல் முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது கெடாவிலும் சபாவிலும்தான். பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியருக்குத் துணை நிற்கும் முழுநேரப் பயிற்றுநர்கள் அதன் முக்கிய அங்கம். ஆனால் அவர்கள் முதலில் மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்று பாடங்களுக்கே நியமிக்கப்பட்டார்கள். தமிழ்மொழிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கணிதப் பயிற்றுநர் வந்தாலும், தமிழில் நடக்கும் கணிதப் பாடத்தைத் தமிழ் தெரியாதவர் பார்த்து என்ன திருத்த முடியும்? தொண்ணூறின் சிக்கல் அவர் காதில் விழாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் சிறு பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. மக்கள் தோட்டத்தைவிட்டு முழுமையாகப் போய்விட்ட இடங்களில் பள்ளியையும் ஊருக்கு மாற்றுவது முறைதான், பல இடங்களில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் 888 பள்ளிகள் 530 ஆன கதையே, மூடுவதால் மட்டும் தரம் உயராது என்பதைக் காட்டுகிறது. மூடப்படும் தோட்டப் பள்ளியின் பிள்ளைகள் எல்லோரும் தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போய்ச் சேருவார்கள் என்பதற்கு உறுதியும் இல்லை. சிறு வகுப்பு ஒரு வகையில் வரம். பத்துப் பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை ஆசிரியர் பெயர் சொல்லி அறிய முடியும். அந்த வரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியரை உருவாக்காமல், வரத்தையே சாபம் என்று சொல்வது எந்த வகை நியாயம்?

மூன்றாவது மறுப்பு ஆசிரியர் தரப்பிலிருந்து வருவது, அதை மதித்துக் கேட்க வேண்டும். பெரிய பள்ளியில் நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளும் பாடநூல், விளையாட்டு, சுகாதாரம், புள்ளிவிவரப் பொறுப்புகளைச் சிறு பள்ளியில் எட்டுப் பத்துப் பேர் தலையில் கட்டுகிறார்கள். இதற்கு மேலும் ஒரு கூட்டமா என்று அவர்கள் கேட்டால் தவறில்லை. ஆகவே புதிய சுமையை ஏற்றாமல் பழைய சுமையில் ஒன்றை இறக்கிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். சிறு பள்ளிகளுக்கு ஓர் அலுவலக உதவியாளரைக் கூடுதலாகத் தந்து கோப்பு வேலைகளை மாற்றிவிட்டாலே வாரத்தில் சில மணி நேரம் மிஞ்சும். வருகிற பயிற்றுநர் மதிப்பெண் போட வரும் அதிகாரியாக இருந்தால் ஆசிரியர் அன்று மட்டும் ஒரு நாடகப் பாடம் நடத்திவிட்டு மறுநாள் பழையபடி இருப்பார். அவர் அறிக்கை எழுதாதவராக, தேவைப்பட்டால் தாமே சுண்ணக்கட்டியை எடுத்து ஒரு பாடம் நடத்திக் காட்டுபவராக இருக்க வேண்டும்.

இறுதி மறுப்பு ஆய்வுலகிலிருந்தே வருகிறது. வகுப்பறைப் பயிற்றுநர் முறை பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கிராஃப்ட் குழுவினர் 2018இல், இம்முறை கற்பித்தலையும் அடைவுநிலையையும் உயர்த்துகிறது என்று உறுதிசெய்தார்கள். கூடவே, திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குகிறது என்றும் எச்சரித்தார்கள். நல்ல பயிற்றுநர்கள் ஆயிரக்கணக்கில் கிடைப்பதில்லை என்பதே காரணம். நாடு முழுமைக்கும் இது பெரிய தடை. கெடாத் தமிழ்ப்பள்ளிகளுக்கோ அவ்வளவு ஆள் தேவையில்லை. மாநிலத்தில் இருப்பவை ஏறத்தாழ அறுபது பள்ளிகள். அனுபவமும் பெயரும் பெற்ற தமிழாசிரியர்கள், கணித ஆசிரியர்கள் நான்கைந்து பேரை முழுநேரமாக விடுவித்தால் ஒவ்வொரு சிறு பள்ளிக்கும் மாதம் ஒருமுறை போய்வர முடியும்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய பட்டியலன்று. பெண்டாங், அலோர்ஸ்டார் பக்கமுள்ள சிறு தமிழ்ப்பள்ளிகளை நான்கைந்தாகக் குழுவாக்கி, ஒரே ஆண்டு ஒரே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் மாதம் இருமுறை ஒரு பாடத்தை முன்வைத்துக் கூடட்டும். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கட்டும், ஆறு நிலை மதிப்பீட்டையும் அங்கேயே ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளட்டும். தமிழ் தெரிந்த பயிற்றுநர்களை மாநிலக் கல்வி இலாகா நியமிக்கட்டும். சுங்கைப்பட்டாணி வளாகத்தில் பயிலும் தமிழ் மாணவ ஆசிரியர்கள் தங்கள் பயிற்றுப்பணியில் ஒரு கட்டத்தையாவது இரண்டு ஆண்டுகள் ஒன்றாக இருக்கும் வகுப்பில் கழிக்கட்டும். பட்டம் முடித்ததும் பலருக்குக் கிடைக்கப்போவது அத்தகைய பள்ளிதான், அதைப் பணியில் சேரும் நாளன்று முதன்முதலாகப் பார்ப்பது பிள்ளைகளுக்கும் நல்லதன்று, அவர்களுக்கும் நல்லதன்று. அனுபவத்தின் பயன் முதல் ஆண்டுகளில்தான் குவிகிறது என்று ஆய்வு சொல்வதால், புதிய ஆசிரியரின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மூத்த ஆசிரியர் துணை நிற்பது கட்டாயமாகட்டும்.

பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிக்காகச் செய்த தியாகம் சிறிதன்று. நிலம் கேட்டார்கள், மண்டபம் கட்டினார்கள், கணினி அறை திறந்தார்கள். அந்த நிதியில் சிறு பகுதி ஆசிரியர் குழுக்களின் பயணச் செலவுக்கும் மாற்று ஆசிரியர் ஊதியத்துக்கும் போனால் போதும். அவர்கள் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். எத்தனை ஏ என்று கேட்ட பழக்கம் யு.பி.எஸ்.ஆரோடு போய்விட்டது. இனி, இரண்டாம் ஆண்டு முடிவில் தமிழைத் தடையின்றி வாசிக்காத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்குக் குறைநீக்கல் போதனை யார் செய்கிறார் என்று கேளுங்கள். அதைச் செய்யும் ஆசிரியர் தம் பாடத்தை மாதம் ஒருமுறையாவது இன்னோர் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுகிறாரா என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், புது மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.